செய்தி கேட்காமல் கடக்காதவர்

சுவிஸில், எம்மன்புரூக்கேயை விட்டு வடக்கே போகும் வீதியில் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. நவம்பர் மாதத்து மத்தியானம். மழை வருவதும் போவதுமாக இருந்தது. பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் இருமுவேன், இருமினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சுர்சே வரைக்கும் நடப்பது, அங்கிருந்து வில் நகரத்துக்குப் போவது பற்றிப் பிறகு யோசிப்பது, இதுதான் திட்டம். வில்லில் பெட்டி அடுக்கும் வேலை ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை டொக்ரர் என் நெஞ்சுப் படத்தைத் திரையில் காட்டினார். இடது பக்கம் மேலே பஞ்சு ஒட்டியது போல ஒன்று தெரிந்தது. சயரோகமாக இருக்கலாம் என்றார். பின்னேரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடுவார்கள், அதுவரை அறைக்குள்ளேயே இரு, கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவை என்றார். அதுதான் என்று உறுதியானால் ஆறு மாதம் குளிசை, ஒரு நாளும் தவறக்கூடாது என்றார்.

சயரோகம் எனக்குப் புதிய பெயர் இல்லை. சின்ன வயதில் நாங்கள் இருந்த முகாமில் அடுத்த கொட்டிலில் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் எழும்பி நடந்தார், மற்றவர் எழும்பவில்லை. என்னைப் பயப்படுத்தியது அந்த ஆறு மாதம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகும் எதையும் ஆறு மாதம் பிடித்துவைத்திருந்ததில்லை. இத்தாலியில் தக்காளி பிடுங்கினேன், பாசலில் கோப்பை கழுவினேன், வில்லில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றேன், எம்மன்புரூக்கேயில் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் நின்றேன். ஐந்து மாதம் என்பது என் உச்சம். டொக்ரரின் படியிறங்கியதும் போனை நிற்பாட்டினேன். அறைக்குப் போய்ப் பையைக் கட்டினேன்.

இப்படிப் போவது சரியில்லை என்பது தெரியாமல் இல்லை. எங்கள் மாடியில் எதிர்க்கதவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களுக்கு ஆறு கிழமைக் குழந்தை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை அரை மணித்தியாலம் மடியில் வைத்திருந்தவன் நான். அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் வேகமாக நடந்தேன்.

அப்போது எதிரே அவர் வந்தார்.

நகரசபையின் வீதி வேலைக்குக் கொடுக்கும் செம்மஞ்சள் ஜக்கெற்றில், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, நெடுந்தூரம் போகிறவரின் நடையில் வந்தார். எவ்வளவு தூரத்தில் வந்தாலும் அந்த நடையை வைத்தே ஆளைத் தெரியும். அவரும் என்னைக் கண்டுவிட்டார். ஒளிய இடமில்லை. ஒரு பக்கம் அறுவடை முடிந்த சோள வயல், மறு பக்கம் மாடில்லாத புல்வெளி. இனி ஒன்றும் செய்ய முடியாது. செய்தி கேட்காமல் அவர் ஒருவரையும் கடந்து போனதில்லை.

அவர் அஃபார் சனத்தைச் சேர்ந்தவர். எரித்திரியாவிலும் எதியோப்பியாவிலும், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் உப்புப் பாலைவனத்தில், ஒட்டகமும் ஆடும் மேய்த்து இடம் மாறித் திரிகிற சனம் அது. எம்மன்புரூக்கேயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டில், மூன்றாம் மாடியில், ஆளுக்கொரு அறையும் பொதுவாக ஒரு குசினியுமாக நாங்கள் இருவரும் இருந்தோம். வயது அறுபது இருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கும் சரியாகத் தெரியாது. கடைசியாக நல்ல மழை பெய்த வருடத்துக்கு அடுத்த வருடம் பிறந்தவர் என்று அவரது அடையாள அட்டையில் எழுத இடமில்லாததால், இங்கே எல்லோருக்கும் போடுவதுபோல ஜனவரி முதலாம் திகதி போட்டிருந்தார்கள்.

நாங்கள் பேசியது உடைந்த ஜெர்மன். அதை என் தமிழில்தான் இங்கே எழுத முடியும்.

நான் குடிவந்த அன்று குசினியில் அவர் தேத்தண்ணீர் ஊற்றித் தந்து, எதிரே இருந்தார்.

"எங்கையிருந்து வாறாய்?"

"வில்லில இருந்து."

"வழியில என்ன கண்டாய்?"

"ரயிலில வந்தனான். ஒண்டும் காணேல்ல."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரயிலுக்கு ஜன்னல் இருக்கேல்லையோ?"

பிறகு தொடங்கினார். மழை பெய்ததோ? புல்லு எந்த உயரம்? மாடுகள் வெளியில் நின்றனவோ உள்ளேயோ? ரயிலில் யாராவது வருத்தக்காரர் இருந்தார்களோ? வில்லில் தண்ணீர் எப்படி? அங்கே யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் செத்தது? நான் சொல்லச் சொல்ல இடையில் கையைத் தூக்கி ஒன்று மட்டும் கேட்பார்: "கண்ணோ, காதோ?" நான் கண்டதோ, கேள்விப்பட்டதோ என்று அர்த்தம். காது என்றால் யாருடைய வாய் என்று கேட்பார். வாய்க்குச் சொந்தக்காரருக்கு அது கண்ணோ காதோ என்று அடுத்தது. நாற்பது நிமிடம் போனது. முடிவில், நான் ஐந்து மாதம் வேலை செய்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று எனக்கே விளங்கியது.

இதற்கு அவர்களின் பேச்சில் டாகு என்று பெயர். பாலைவனத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், தாகமாக இருந்தாலும் குந்தியிருந்து, ஒருவருக்கொருவர் செய்தி கொடுக்கவேண்டும். எந்தக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, எந்தப் பள்ளத்தில் புல் முளைத்திருக்கிறது, எந்தக் குடியிருப்பில் இருமல், எங்கே பிள்ளைகளுக்குக் கண் நோய், எங்கே ஆடு வாயில் நுரை தள்ளுகிறது. அதை வாங்கியவர் அடுத்துச் சந்திப்பவரிடம் கொடுப்பார். தந்தியும் இல்லை, டொக்ரரும் இல்லை. ஆனால் ஒரு குடியிருப்பில் நோய் வந்தால் மூன்றாம் நாள் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் தன் ஆடுகளை வேறு பக்கம் திருப்பியிருப்பான்.

"நோய் வந்தவையை ஒதுக்குவினமோ?" என்று கேட்டேன்.

"ஏன் ஒதுக்கவேணும்? அவை சொல்லிப்போட்டினம்தானே. சொன்னவைக்குத் தண்ணி கொண்டுபோய்த் தூரத்தில வைப்பம். சொல்லாதவனைத்தான் ஒதுக்குவம்."

சுவிஸுக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கிணற்றடிக்குப் பட்டாளம் வந்தது என்றார். பட்டாளம் நிற்கும் கிணற்றடியில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். செய்தி நின்றால் ஆடு சாகும், ஆடு செத்தால் ஆள் நடக்கவேண்டியதுதான். அவ்வளவுதான் அவர் சொன்ன கதை. அதற்குள் லிபியாவும் கடலும் இருந்தன. அவற்றைப் பற்றிக் கேட்டால், அங்கே புல் இல்லை என்பார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஹவுஸ்வார்ட் இருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எல்லாவற்றுக்கும் சுவரில் ஒரு கடதாசி ஒட்டுவார். அஃபார்க்காரர் படிக்கட்டில் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரிப்பதாக இரண்டாம் மாடியில் முறைப்பாடு செய்தார்கள். அடுத்த நாள், படிக்கட்டில் நின்று கதைப்பது தவிர்க்கப்படவேண்டும் என்று கடதாசி. இவருக்கு வாசிக்கத் தெரியாது. ஹவுஸ்வார்ட்டையே கூப்பிட்டு, "இதில என்ன செய்தி?" என்று கேட்டார். அந்த மனுசன் வாசித்துக் காட்டினார். இவர் தலையாட்டிவிட்டு, "சரி. உன்ரை வலது கால் ஏன் படியில பிந்தி வருது?" என்றார்.

பதினைந்து வருடமாக அந்தக் காலைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டதில்லையாம். அன்று இருவரும் அந்தக் கடதாசிக்குக் கீழேயே ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். பிறகு சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு ஹவுஸ்வார்ட் தானாகவே இருக்கைக்கு ஒரு மெத்தையோடு படிக்கட்டுக்கு வரத் தொடங்கினார். கடதாசி மட்டும் சுவரிலேயே இருந்தது.

எதிர்க்கதவுப் பிள்ளையின் தாய், நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், அவள்தான் அஃபார்க்காரருக்கு றேடியோ அண்ணை என்று பெயர் வைத்தது. கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். "றேடியோ அண்ணை, இண்டைக்கு வானிலை என்ன?" என்று கதவைத் திறந்து கேட்பாள். அவர் உண்மையாகவே சொல்லுவார்.

ஒருமுறை நகரசபை அவரைப் பல் டொக்ரரிடம் அனுப்பியது. அவருடைய பற்கள் எல்லாம் மண்ணிறம், கோடு கோடாக. டொக்ரர் அரை மணித்தியாலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது அழுக்கில்லை, பல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். அது கிணறு என்று இவர் விளக்கியிருக்கிறார். நெருப்பு மலைகளுக்குக் கீழே ஊறும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லு அப்படித்தான் வரும். எந்தக் கிணறு என்பதைக்கூட நிறத்தை வைத்துச் சொல்லலாம். "பெண் பார்க்கப் போனால் சிரிக்கச் சொல்லுவம். எந்தப் பக்கத்து ஆள் எண்டு தெரிஞ்சிடும்." பிறகு டொக்ரரை வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளைப் பல்லைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஊர் இல்லையோ?" என்று கேட்டாராம்.

பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவுவது அவர் வேலை. இந்த ஐப்பசியில் முதன்முதலாக லொறி நிறைய உப்பைக் கண்டதும் அழுதுவிடுவாரோ என்று கூட வேலை செய்தவர்கள் பயந்தார்களாம். அவருடைய ஆட்கள் அந்த உப்பை வெயிலில் பாளம் பாளமாக வெட்டி, ஒட்டகத்தில் ஏற்றி, நாள் கணக்காக நடந்துபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள். இங்கே அதைத் தெருவில் கொட்டுகிறார்கள். அவர் அழவில்லை. பின்னேரம் வந்து என்னிடம் செய்தியாகச் சொன்னார்: "கண். இந்தச் சனம் ரோட்டுக்கு உப்புப் போட்டுச் சாப்பிடுது."

எனக்கு இருமல் பிடித்தது புரட்டாசியில். நான் தடிமன் என்றேன். அவர் என் தட்டையும் கோப்பையையும் எடுத்து வேறு அலுமாரிக்குள் வைத்தார். பிறகு ஒரு பின்னேரம், நான் கேட்காமலே தன் கதை ஒன்றைச் சொன்னார்.

இளவயதில் அவருக்கும் அந்த இருமல் வந்தது. பச்சைப் பாலில் வந்ததோ, ஒரே குடிசையில் படுத்ததில் வந்ததோ தெரியாது. வெள்ளைக்கார டொக்ரர்கள் சிலர் பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு கட்டடம் போட்டு, அதைச் சுற்றி நோயாளிகள் தங்கள் பாய் வீடுகளைப் போட்டுக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். அஃபார் ஆளைச் சுவருக்குள் படுக்கவைத்தால் மூன்றாம் நாள் ஓடிவிடுவான் என்று அவர்களுக்கு யாரோ செய்தி கொடுத்திருக்கவேண்டும். வளைத்த தடிகளின் மேல் ஓலைப்பாய் போட்ட வீடு. கழற்றி ஒட்டகத்தில் ஏற்றினால் வீடு முடிந்தது. ஆறு மாதம் இங்கேயே இரு என்றார்கள். இவருடைய ஆடுகள் தம்பியோடு மழை தேடிப் போய்விட்டன. ஒரு மாதத்தில் இவருக்குக் கால் துடிக்கத் தொடங்கியது.

"ஓடினீங்களோ?"

"இல்லை. ஏழு நாளைக்கு ஒருக்கா வீட்டைக் கழட்டினன். பத்து அடி தள்ளிப் போட்டன். வீடு கட்டுறது எங்கடை பெண்டுகளின்ரை வேலை. நான் கட்டின வீடு கிழட்டு ஆடு மாதிரிச் சரிஞ்சு நிண்டது. சுத்தி இருந்த பெண்டுகள் எல்லாம் சிரிச்சுச் சிரிச்சு இருமிச்சுதுகள். ஆறு மாசத்தில டொக்ரரின்ரை கட்டடத்தை ஒரு சுத்துச் சுத்தி வந்திட்டன். கடைசிக் குளிசை முடியேக்க முதல் நாள் போட்ட இடத்திலயே வீடு நிண்டது."

நான் சிரித்தேன், சிரித்து இருமினேன். அவருடைய கட்டில் ஏன் கிழமைக்கொரு சுவரோடு நிற்கிறது என்று அன்றுதான் விளங்கியது. கதையை ஏன் எனக்குச் சொன்னார் என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க எனக்கு நல்ல பழக்கம்.

அதே பின்னேரம் தன் மாமாவைப் பற்றியும் சொன்னார். மாமா ஒரு வருடம், கிழக்கே ஒரு பள்ளத்தில் புல் இருப்பதாகச் சொன்னார். காதால் கேட்டதைக் கண் என்று சொல்லிவிட்டார். சும்மா, பெரிய ஆளாகத் தெரியவேண்டும் என்று. பதினொரு குடும்பம் அங்கே நடந்தது. புல் இல்லை. ஆடுகள் விழுந்தன, திரும்பி வருகிற வழியில் இரண்டு பிள்ளைகளும். பெரியவர்கள் கூடி மாமாவிடம் ஒட்டகங்களை வாங்கி அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதோடு தண்டனை முடிந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் மாமாவிடம் செய்தி கேட்கவில்லை. வழியில் கண்டால் வணக்கம் சொல்லிக் கடந்து போனார்கள்.

"இருபது வருசம் உயிரோட இருந்தவர்," என்றார். "ஒருத்தரும் எங்கையிருந்து வாறாய் எண்டு கேட்கேல்ல."

இதெல்லாம் நடந்து இரண்டு கிழமையில், தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பில் கறியைச் சூடாக்கினாள். நான் முகத்தைத் திருப்பி இருமினேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"அண்ணை, உந்த இருமல் எத்தினை நாளாய்?"

"தடிமன் தங்கச்சி."

"ரெண்டு மாசமாய்த் தடிமனோ? பிள்ளை இருக்கிற இடம். போய்க் காட்டுங்கோவன்." பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து ஜெர்மனில், "இவர் எனக்கு உண்மை சொல்லமாட்டார். டொக்ரர் என்ன சொல்லுறார் எண்டு நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ. ஏதும் தொற்றுகிற வருத்தமெண்டால் நான் உடனே பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டவேணும். இல்லையெண்டால் சும்மா பச்சைப் பிள்ளையை ஆஸ்பத்திரியில ஊசி குத்தவிட எனக்கு மனம் வராது," என்றாள்.

"கேட்டுச் சொல்லுறன்," என்றார்.

அந்த மனுசன்தான் இப்போது வீதியில் எனக்கு எதிரே வந்து நின்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார். வீதியோரக் கல்லில் இருந்தார். "இரு," என்றார். இருந்தேன்.

பையைப் பார்த்தார். வில்லில் வேலை என்றேன். தலையாட்டினார்.

"டொக்ரரிட்டப் போனனியோ?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"தடிமன்தானாம். நெஞ்சு சுத்தம்."

"கண்ணோ, காதோ?"

"கண்," என்றேன். "படத்தை நானே பார்த்தனான்."

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, முறைப்படி, தன் செய்தியைத் தந்தார். மேலே வளைவில் ஒரு நரி அடிபட்டுக் கிடக்கிறது. பண்ணைக்காரனின் ஒரு மாடு மற்ற மாடுகளோடு சேராமல் தனியே நிற்கிறது, அவனிடம் சொல்லியாயிற்று. ஹவுஸ்வார்ட்டின் காலுக்குப் புது மருந்து. எதிர்வீட்டுப் பிள்ளை நேற்று நாலு கிலோ முந்நூறு, இவருடைய ஜக்கெற்றைப் பார்த்துச் சிரித்தது. "கண்," என்றார். எழும்பினார். "தாய்க்காரி காத்துக்கொண்டு நிக்கிறாள். நெஞ்சு சுத்தம் எண்டு போய்ச் சொல்லவேணும்."

போய்விட்டார்.

நானும் நடந்தேன். ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். நல்லவன் என்பதால் நான் நின்றேன் என்று எழுத ஆசைதான். நின்றது மூச்சு வாங்கியதால். நின்ற இடத்தில் கணக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் அவர் மூன்றாம் மாடியில் அந்தக் கதவைத் தட்டுவார். டொக்ரர் சொன்னது என்று சொல்வார். அவர் சொன்னால் அவள் நம்புவாள், அந்தக் கட்டடத்தில் எல்லோரும் நம்புவார்கள். பிள்ளை வீட்டிலேயே இருக்கும். பிறகு பிள்ளைக்கு இருமல் வந்தால், பொய் சொன்னவர் அவர் என்றுதான் இருக்கும். அதற்குள் நான் வில்லில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பேன்.

போனைத் திறந்து தங்கச்சிக்கு அடிக்கலாம். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது என்பது அடித்துப் பார்க்காமலே தெரிந்தது. அவரிடம் என்றால் சொல்லலாம். அவர் ஏசமாட்டார், கேட்பார். ஆனால் அவர் போனை ஊரில் இருக்கும் தன் மகள் அழைத்தால் மட்டும்தான் எடுப்பார். முகம் இல்லாத செய்தியில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

திரும்பி ஓடினேன். ஓடினேன் என்பது கொஞ்சம் அதிகம். இருபது அடி ஓடுவேன், குனிந்து இருமுவேன், பிறகு நடப்பேன். ஒட்டகத்தோடு நடந்து பழகிய ஆளைப் பிடிக்கக் காய்ந்த நெஞ்சோடு முடியாது. கைப்பையை ஒரு வேலியில் மாட்டிவிட்டு நடந்தேன். தூரத்தில் செம்மஞ்சள் புள்ளி சின்னதாகிக்கொண்டே போனது. வளைவில் மறைந்தும் போனது. அப்போது நான் கடவுளிடம் ஏதோ சொன்னேன், என்னவென்று ஞாபகமில்லை.

வளைவைத் திரும்பினால், பஸ் தரிப்பிடத்தில் அவர் குந்தியிருந்தார். வாங்கில் ஒரு சுவிஸ் மூதாட்டி, மடியில் கடைப் பை. அவளுடைய முழங்காலைப் பற்றிய செய்தி நடந்துகொண்டிருந்தது. அவள் போகவேண்டிய பஸ் என் கண் முன்னாலே வந்து, நின்று, போனது. அவள் கவனிக்கவில்லை. வலி எப்போது தொடங்கியது என்ற இடத்தில் நின்றாள்.

நான் ஆறேழு அடி தள்ளி நின்று, முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"நான் சொன்னது பொய்."

இருவரும் திரும்பினார்கள்.

"படத்தில பஞ்சு மாதிரி இருக்குது. சயரோகம் எண்டு நினைக்கிறார். அறைக்குள்ள இருக்கச் சொன்னவர். நான் ஓடி வந்தனான்."

மூதாட்டி கடைப் பையைத் தூக்கிக்கொண்டு வாங்கின் மறு நுனிக்கு நகர்ந்தாள். ஆனால் எழும்பிப் போகவில்லை. முடிவைக் கேட்கவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கப்போகிறது, வணக்கம் சொல்லிக் கடந்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு விரலை நாக்கில் நனைத்துக் காற்றுக்கு உயர்த்தினார். எழும்பி, என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றார்.

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல," என்றார். "அதால பொய் இன்னும் நடக்கத் தொடங்கேல்ல. சொல்லு. சளியில ரத்தம் வந்ததோ?"

"இல்லை."

"வேர்வை?"

"ஓம். ஒரு மாசமாய்."

"எனக்குப் பொய் சொன்ன ரெண்டாவது ஆள் நீ," என்றார். "முதல் ஆள் இப்ப மந்திரி."

மூதாட்டி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன் போனை எடுத்து, எழுத்துத் தெரியாததால் மூதாட்டியிடம் கொடுத்துத் தங்கச்சியின் பெயரைத் தேடச் சொன்னார். முகம் இல்லாத செய்தி என்று இவ்வளவு நாளும் சொன்ன மனுசன், அவசரத்துக்கு அதையும் செய்தார். நான் சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஓடி வந்ததையும் சொன்னார், திரும்பி வந்ததையும் சொன்னார். அந்தப் பக்கத்தில் தங்கச்சி தமிழில் ஏசுவது எனக்கு ஏழு அடி தூரத்துக்குக் கேட்டது. அவருக்கு விளங்கவில்லை. ஆனால் முடியும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லுசேர்ன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணித்தியாலம் நடந்தோம். பஸ்ஸில் ஏற இருவருக்கும் மனம் வரவில்லை. அவர் முழுத்தூரமும் காற்றுக்கு மேல்பக்கம் நடந்தார். ஆற்றங்கரையில் காற்றுத் திரும்பும்போதெல்லாம் வீதியைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போனார். கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவர் கையைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். வாசலில் தாதி எனக்கு முகக்கவசம் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது, அவர் அவளிடம், "எங்கையிருந்து வாறாய்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

அன்று பின்னேரமே சளியில் கிருமி இருப்பது உறுதியானது. இரட்டைக் கதவு போட்ட தனி அறை, திறக்க முடியாத ஜன்னல், நாலு நிறக் குளிசைகள். அடுத்த நாள் காலை எட்டரைக்குத் தங்கச்சி போன் அடித்தாள். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். முந்தின நாள் பின்னேரமே பிள்ளையைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பிள்ளைக்கு இப்போது ஒன்றும் இல்லை, முற்காப்பு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். வரமுதலே கண்டுபிடித்தது நல்லதாம். "உங்களை நான் மன்னிக்கேல்ல, விளங்குதோ?" என்றாள். விளங்குது என்றேன். "என்ன சாப்பாடு தருகினம்?" என்று கேட்டாள். சொன்னேன். மன்னிக்காமலே போனை வைத்தாள்.

ஒன்பது மணிக்கு மாநிலச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு தாதி, கவசமும் கையுறையுமாக, கடதாசிக் கட்டோடு வந்தாள். கடந்த மூன்று மாதத்தில் யார் யாரோடு ஒரே அறையில் மூச்சு விட்டாய் என்று கேட்டாள். பொதுவாக ஆட்கள் நாலு பேர் சொல்வார்கள் என்றாள். நான் முப்பத்தொரு பேர் சொன்னேன். ஒவ்வொருவரும் எந்த மெசினில், எவ்வளவு தூரத்தில், கதவு திறந்தோ மூடியோ என்றும் சொன்னேன். அவள் இரண்டாவது கடதாசி எடுத்தாள்.

சலவைத் தொழிற்சாலையில் பதினாறு பேர், அவர்களில் ஒன்பது பேர் தமிழர். கடிதம் அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

"ஜெர்மன் கடிதம் எண்டால் பிரிட்ஜில ஒட்டிவைப்பினம்," என்றேன். "வரமாட்டினம். வேலை போயிடும் எண்டு பயம்."

அவள் பேனையால் நெற்றியைச் சொறிந்தாள். "நீ கூப்பிட்டுச் சொல்லுவியா? உன் பாஷையில்? இது உன் கடமை இல்லை. சம்பளமும் இல்லை."

"எத்தினை மாசத்து வேலை?"

"தொடர்ந்து பார்க்கவேண்டும். ஒரு ஆறு மாதம்."

சரி என்றேன். முதல் ஆள், இஸ்திரி மெசினில் எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை. ஐம்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், ஒரு நாளும் லீவு எடுக்காதவர். போன் அடித்ததும் எடுத்தார்.

"எடேய், எங்கையடா நிக்கிறாய்? உன்ரை மெசினையும் சேர்த்து நான்தான் இழுக்கிறன்!"

"அண்ணை, ஆஸ்பத்திரியில நிக்கிறன். எனக்குச் சயரோகம். என்ரை வாயாலயே உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு எடுத்தனான்."

மெசின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. அவர் வெளியே வந்து கதவைச் சாத்தியிருக்கவேண்டும்.

"டேய்," என்றார், குரலைத் தாழ்த்தி. "உன்னட்டை மட்டும் சொல்லுறன். எனக்கும் ஒரு மாசமாய் நெஞ்சுக்குள்ள..."

நான் தாதியிடம் கையை நீட்டினேன். அவள் தன் பேனையைத் தந்தாள்.